தேடுபொறியின் கதை – 17: கள்ளக் கிளிக்

1990களின் கடைசியில் கோட்டூ டாட் காம் என்ற தேடுபொறியில் எதைத் தேடினாலும், வரும் முடிவுகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு விலை போட்டிருக்கும். இந்த இணைப்பை நீங்கள் அழுத்தினால் அந்தக் கடைக்காரர் இத்தனை சென்ட் கட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள். முதலாவதாக நிற்பவர் எவ்வளவு கொடுக்கிறார், அடுத்தவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதை வாடிக்கையாளரும் பார்க்கலாம், போட்டிக் கடைக்காரரும் பார்க்கலாம். ஒளிவுமறைவே கிடையாது. இன்றைய கூகுளின் செல்வம் முழுவதற்கும் விதை அந்தச் சின்ன வரிதான். இந்த வாரம் நான் சொல்லப்போகும் கள்ளக் கிளிக் என்ற திருட்டுக்கும் விதை அதுவே.

கோட்டூவைத் தொடங்கியவர் பில் கிராஸ். கலிஃபோர்னியாவில் பாசடீனா நகரில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். புதுப்புதுக் கம்பெனிகளை உருவாக்குவதுதான் அந்த நிறுவனத்தின் தொழிலே. தேடுபொறிகள் குப்பையால் நிறைந்து கிடந்த காலம் அது. எந்தச் சொல்லைத் தேடினாலும், அந்தச் சொல்லை ஆயிரம் தடவை பக்கத்துக்குள் ஒளித்து எழுதியவன் மேலே வந்து நின்றான். குப்பை போடுகிறவனால் காசு போட முடியாது என்று கிராஸ் கணக்குப் போட்டார். ஒரு சொல்லுக்கு உண்மையிலேயே சம்பந்தப்பட்டவர் மட்டும்தான் அந்தச் சொல்லுக்குப் பணம் கட்டுவார். ஆகவே காசே சல்லடையாக இருக்கட்டும் என்றார். 1998 பிப்ரவரியில் மான்டரேயில் நடந்த டெட் மாநாட்டில் இந்த யோசனையைச் சொன்னபோது, தேடல் முடிவுகளை விற்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். தொலைபேசி மஞ்சள் பக்கங்களில் காசு கொடுத்துப் பெரிய கட்டம் வாங்குவதில்லையா என்பது அவர் வாதம்.

ஏலம் ஒரு சென்ட்டில் ஆரம்பித்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் நாற்பது பைசா. கிளிக்குக்கு மட்டும் காசு என்ற ஏற்பாடு கிராஸின் கண்டுபிடிப்பு அல்ல. 1996-லேயே புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் யாகூவிடம், விளம்பரத்தைப் பார்ப்பவர் எண்ணிக்கைக்குக் கொடுக்க மாட்டோம், அழுத்துபவர் எண்ணிக்கைக்குத்தான் கொடுப்போம் என்று பேசி முடித்திருந்தது. ஆனால் சோப்பு விற்கும் மாபெரும் கம்பெனி யாகூவிடம் உட்கார்ந்து பேரம் பேசுவது வேறு. தெருமுனைப் பூக்கடைக்காரர் ஐம்பது டாலர் கட்டி, தனக்கு வேண்டிய சொல்லைத் தானே ஏலம் கேட்பது வேறு. இந்த இரண்டாவதைச் சாத்தியமாக்கியவர் கிராஸ். விளம்பர வரலாற்றில் சிறு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய கதவு அதற்கு முன் திறந்ததில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான் பிறகு அடிபட்டார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கோட்டூ 2001-ல் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இனி அந்தப் பெயரிலேயே அழைப்போம்.

ஓவர்ச்சரின் ஏலத்தில் ஒரு கோணல் இருந்தது. கேட்ட விலையை அப்படியே கட்ட வேண்டும். ஆனால் விலையை எந்த நிமிடமும் மாற்றிக்கொள்ளலாம், எதிராளியின் விலையும் கண்ணுக்குத் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சொல்லுக்கு இரண்டே இடங்கள். முதல் இடத்தில் நின்றால் நாளைக்கு 100 கிளிக், இரண்டாவது இடத்தில் 60. மூன்று வியாபாரிகள். ஒரு கிளிக்கால் முதலாமவருக்கு 5 டாலர் லாபம் வரும், இரண்டாமவருக்கு 3 டாலர், மூன்றாமவருக்கு 1 டாலர். மூன்றாமவர் தன்னால் முடிந்த 1 டாலரைக் கேட்டுவிட்டு நிற்கிறார். அவரைத் தாண்ட இரண்டாமவர் 1.01 கேட்கிறார். முதலாமவர் 1.02. இரண்டாமவர் விடுவாரா? 1.03. அவர் 1.04. இப்படியே ஒவ்வொரு சென்ட்டாக ஏறி, முதலாமவர் 1.80 கேட்டு நிற்கும்போது இரண்டாமவர் கணக்கைப் பார்க்கிறார். 1.81 கொடுத்து முதலிடம் பிடித்தால் நாள் லாபம் 119 டாலர். பேசாமல் 1.01-க்கு இறங்கி இரண்டாமிடத்தில் உட்கார்ந்தால் 119 டாலர் 40 சென்ட். உடனே இறங்கிவிடுகிறார். அவர் இறங்கியதைப் பார்த்த முதலாமவர், இனி எதற்கு 1.80 என்று 1.02-க்கு இறங்குகிறார். அடுத்த நொடி இரண்டாமவருக்கு 1.03 மலிவாகத் தெரிகிறது. மறுபடி ஏற்றம்.

மனிதர்கள் உட்கார்ந்து செய்தால் கை ஓய்ந்துவிடும். இந்த வேலைக்கென்றே மென்பொருள்கள் வந்துவிட்டன. எதிராளியின் விலையைப் பார், ஒரு சென்ட் கூட்டு, எல்லை வந்தால் இறங்கு: இவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். இரவும் பகலும் அவை சண்டை போட்டன. பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 2002 ஜூன் 15 முதல் ஓராண்டுக்கு ஓவர்ச்சரில் கேட்கப்பட்ட விலைகளை எடுத்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். கோடு ரம்பத்தின் பல்லைப் போல இருந்தது. மெல்ல ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். இந்த விளையாட்டைத் தடுத்திருந்தால் ஓவர்ச்சரின் வருமானமே கணிசமாகக் கூடியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. விற்கிறவனுக்கும் நிம்மதியில்லை, வாங்குகிறவனுக்கும் நிம்மதியில்லை.

ஓவர்ச்சர் இதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தது. உச்ச விலையைச் சொல்லிவிட்டுப் போங்கள், உங்களுக்குக் கீழே இருப்பவரைவிட ஒரு சென்ட் மட்டும் கூட்டி நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றது. மருந்தே புது நோயானது. உங்கள் உச்ச விலை 2 டாலர் என்று எனக்குத் தெரிந்துவிட்டால் நான் 1.99 கேட்பேன். எனக்குக் கீழே இருப்பவர் 50 சென்ட் கேட்டிருந்தால் நான் கட்டுவது 51 சென்ட்தான். எனக்கு மேலே இருக்கும் நீங்களோ ஒவ்வொரு கிளிக்குக்கும் முழு 2 டாலர் கட்டுவீர்கள். உங்கள் பணம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு முதலிடம் எனக்கு, அதுவும் 51 சென்ட்டுக்கு. விளம்பர ஏஜென்சிக்காரர்கள் இந்த வித்தையைத் தங்களுக்குள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. எதிராளியின் கல்லாவைக் காலி செய்வது ஒரு வியாபார உத்தி என்ற எண்ணம் இங்கேதான் முதலில் வேர்விட்டது. கள்ளக் கிளிக்குக்கும் இதற்கும் இடையில் ஓர் அடிதான் தூரம்.

2002 பிப்ரவரியில் கூகுள் இதே தொழிலில் இறங்கியது. 2000 அக்டோபரில் 350 வாடிக்கையாளர்களோடு தொடங்கிய அதன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் அதுவரை பார்வைக்கணக்கில்தான் விற்றுக்கொண்டிருந்தது. கூகுள் ஊழியர்களான சலார் கமாங்கர், எரிக் வீச் இருவரும் அதை கிளிக் கணக்குக்கு மாற்றினார்கள். முதலாவது மாற்றம், கேட்ட விலையைக் கட்ட வேண்டாம். உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டப் போதுமானதைக் கட்டினால் போதும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி 1961-ல் எழுதிய ஏலக் கோட்பாட்டுக்கு இது பங்காளி முறை, அச்சுப்படியே அதுவல்ல. இரண்டாவது, விலையை மூடி மறைத்தார்கள். நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதேபோல. சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாவிட்டால் ஒரு சென்ட் குறைத்துக் கேட்டு வதைக்க முடியாது. மூன்றாவது, இடத்தை விலை மட்டும் தீர்மானிக்காது. விளம்பரத்தை எத்தனை பேர் விரும்பி அழுத்துகிறார்கள் என்பதும் சேரும்.

இந்த மூன்றாவது மாற்றம் நல்ல மாற்றம். ஆனால் அதுவரை வெறும் செலவாக இருந்த கிளிக் அன்றிலிருந்து ஓட்டும் ஆகிவிட்டது. ஓட்டு இருக்குமிடத்தில் கள்ள ஓட்டும் வரும். போட்டியாளரின் விளம்பரம் வரும்படி தேடித் தேடிப் பார்த்துவிட்டு அழுத்தாமலே போவது என்று ஒரு முறை உண்டு. நூறு பேர் பார்த்தும் யாரும் தொடவில்லை என்று கணக்கு ஏறும், விளம்பரம் கீழே சரியும். தொடாமலே அடிக்கிற அடி.

ஓவர்ச்சர் தன் காப்புரிமையை மீறியதாக 2002 ஏப்ரலில் கூகுள் மீது வழக்குப் போட்டது. 2003-ல் யாகூ 163 கோடி டாலருக்கு ஓவர்ச்சரை வாங்கியது. 2004 ஆகஸ்டில், கூகுள் பங்குச் சந்தைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 27 லட்சம் பங்குகளை யாகூவுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்தச் சண்டை தனி அத்தியாயத்துக்கு உரியது. வேறொரு வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது கடைக்காரர் பக்கம் வருவோம். பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விளம்பரத்துக்கு 20 டாலர் ஒதுக்கியிருக்கிறார். ஒரு கிளிக் 2 டாலர். ஆக நாளைக்குப் பத்து கிளிக். பத்தில் இரண்டு பேர் போன் செய்தால் அவர் பிழைப்பு ஓடும். காலை எட்டு மணிக்கு விளம்பரம் ஓட ஆரம்பிக்கிறது. எட்டே காலுக்குள் பத்து கிளிக் விழுந்துவிட்டது. போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. மிச்ச நாள் முழுக்க அவர் பெயர் தேடலில் இல்லை. எதிர்க் கடைக்காரர் காபி குடித்துக்கொண்டே பத்துத் தடவை அழுத்தியிருக்கலாம். அல்லது உண்மையாகவே பத்துப் பேர் பார்த்துவிட்டு, விலை பிடிக்காமல் போயிருக்கலாம். இவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் இருப்பது ஒரு எண் மட்டும்: பத்து. அந்தப் பத்தை எண்ணியவரும் அதற்குக் காசு வாங்கியவரும் ஒரே ஆள்.

2003-ல் கூகுள் ஆட்சென்ஸை விரித்தபோது இரண்டாவது வகைத் திருட்டு வந்தது. அளவில் முதலாவதை விழுங்கிவிடக்கூடிய திருட்டு. யாருடைய வலைத்தளத்திலும் கூகுளின் விளம்பரம் வரலாம், விழும் கிளிக் காசில் தளக்காரருக்கும் பங்கு. போட்டியாளர் அழுத்துவது வன்மத்தால்; அவருக்கு அதில் நேரடி வருமானம் இல்லை. தளக்காரருக்கோ ஒவ்வொரு கிளிக்கும் சில்லறை. தன் தளத்து விளம்பரத்தைத் தானே அழுத்தலாம், மச்சானை அழுத்தச் சொல்லலாம், கூலிக்கு ஆள் வைக்கலாம்.

கூலிக்கு ஆள் வைக்கும் இடமாக நம் நாட்டின் பெயரும் இந்தக் கதையில் வருகிறது. 2004 மே மாதம் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஒரு செய்தி வெளியிட்டது. இல்லத்தரசிகள், கல்லூரிப் பட்டதாரிகள், வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் மாலை நேரங்களில் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து விளம்பரங்களை அழுத்திச் சம்பாதிக்கிறார்கள் என்று சொன்னது அந்தச் செய்தி. கிளிக்குக்கு 18 முதல் 25 சென்ட் வரை கிடைத்ததாம். உலகம் முழுவதும் கிளிக் மோசடி பற்றி எழுதியவர்கள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்கள். அழுத்தியவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அவர்கள் விரலுக்கு மறுபுறம் பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கள்ளக் கிளிக்கைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா, ஒரே கணினியிலிருந்து நூறு கிளிக் வந்தால் தெரியாதா என்று கேட்கலாம். அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பிரவுசிங் சென்டரில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருபது பேருக்கும் ஒரே ஐபி முகவரி. அமெரிக்காவில் ஏஓஎல் இணையச் சேவையின் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் சில முகவரிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். முகவரியை வைத்து விரட்டினால் நல்ல வாடிக்கையாளரும் சேர்ந்து போவார். அது மட்டுமல்ல, ஒரு கிளிக் கள்ளத்தனமானதா இல்லையா என்பது அழுத்தியவர் மனதில் இருக்கிறது. போட்டியாளரின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க அழுத்தினால் அது நியாயம். அவர் பணத்தைக் கரைக்க அழுத்தினால் மோசடி. இரண்டு கிளிக்கும் சர்வரில் விட்டுச்செல்லும் தடம் ஒன்றுதான்.

கூகுள் கை கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. 2004 நவம்பரில் டெக்சாஸைச் சேர்ந்த ஆக்‌ஷன்ஸ் எக்ஸ்பர்ட் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் மீது, தன் தளத்து விளம்பரங்களை ஆள் வைத்து அழுத்தியதாக வழக்குப் போட்டது. மறு ஆண்டு 75,000 டாலருக்குத் தீர்ப்பும் வாங்கியது. வழக்குப் போட்ட அடுத்த மாதமே கூகுளின் நிதித் தலைவர் ஜார்ஜ் ரெயஸ் முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில், இதை வெகு சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் நம் தொழில் முறைக்கே ஆபத்து என்ற பொருளில் பேசினார். பங்குச் சந்தைக்கு வந்து நாலே மாதம் ஆன கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறவர் சொன்ன சொல் அது. விளம்பரதாரர்கள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

டெக்சாஸும் ஆர்கன்சாவும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர் டெக்சார்கானா. அங்கிருந்த லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடை, 2005 பிப்ரவரியில் ஆர்கன்சாப் பக்கத்து மில்லர் கவுண்டி நீதிமன்றத்தில் கூகுள், யாகூ, ஏஓஎல், ஆஸ்க் ஜீவ்ஸ், லுக்ஸ்மார்ட் உள்ளிட்ட பலர் மீது வழக்குத் தொடுத்தது. கள்ளக் கிளிக்குகளுக்கும் சேர்த்துத் தெரிந்தே காசு வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. தனக்காக மட்டுமல்ல, விளம்பரம் கொடுத்த எல்லோருக்காகவும் சேர்த்துப் போட்ட வழக்கு. 2006 மார்ச்சில் கூகுள் தன் பங்கை 9 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்வதாக அறிவித்தது.

அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாக, நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் டுஷிலின் கூகுளின் உள்ளே போய்ப் பார்த்து 47 பக்க அறிக்கை எழுதினார். அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: கூகுளின் முயற்சி நியாயமான அளவில் இருக்கிறது. என்னை நிறுத்தியவை வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, இரட்டைக் கிளிக். கணினிக்குப் புதியவர்கள் எதைத் திறக்கவும் மவுஸை டக்டக்கென்று இரண்டு தடவை தட்டுவார்கள். விளம்பரத்தையும் அப்படியே தட்டினார்கள். திறந்த பக்கம் ஒன்று, வந்த ஆள் ஒருவர். ஆனால் 2005 தொடக்கம் வரை அந்த இரண்டாவது தட்டலுக்கும் கூகுள் காசு வாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அது செல்லாத கிளிக் என்று முடிவானது. இதில் திருடன் என்று யாருமில்லை. பழக்கதோஷத்தில் ஒரு விரல் கூடுதலாக அசைந்தது, அவ்வளவுதான். கட்டியவரோ கடைக்காரர்.

இரண்டாவது, அந்தப் பேராசிரியர் இந்தத் தொழில்முறையின் அடிப்படைச் சிக்கல் என்று பெயரிட்டுச் சொன்ன ஒன்று. எது செல்லாத கிளிக் என்பதற்கான துல்லியமான விதியை வெளியே சொன்னால், திருடர்கள் அந்த விதிக்கு ஒரு நூல் உள்ளே நின்று திருடுவார்கள். சொல்லாவிட்டால், தன்னிடம் வாங்கிய பணம் சரிதானா என்று விளம்பரதாரரால் சரிபார்க்கவே முடியாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒருவர் நஷ்டப்படுவார். கூகுள் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. மளிகைக் கடையில் தராசு நம் கண்ணெதிரே இருக்கும். முத்திரை குத்திய எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட நமக்கு உரிமை உண்டு. இங்கே தராசு திரைக்குப் பின்னால் இருக்கிறது. தராசுக்காரர் நாணயமானவர் என்று ஒரு பேராசிரியர் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் காசு கொடுக்கிறவர் தானே பார்க்க முடியாத தராசு நல்ல தராசு ஆகாது என்பதுதான் என் தீர்ப்பு.

2006 ஜூலை இறுதியில் நீதிபதி ஜோ கிரிஃபின் சமரசத்தை ஏற்றார். கூகுளின் 2005-ஆம் ஆண்டு வருமானம் 600 கோடி டாலருக்கு மேல். ஒத்துக்கொண்ட 9 கோடி அதில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலும் 3 கோடி வரை வழக்கறிஞர்களுக்கு. மீதி, விளம்பரதாரர்களுக்குப் பணமாகப் போகவில்லை. கூகுளிலேயே மறுபடி விளம்பரம் கொடுப்பதற்கான வரவாக அவர்கள் கணக்கில் ஏறியது. கிளிக் மோசடியால் வெறுத்துப்போய்க் கூகுளை விட்டே விலகிய கடைக்காரருக்கு அந்த வரவால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை.

அதே ஜூலையில் கூகுள் இன்னொன்றும் செய்தது. ஒவ்வொரு விளம்பரதாரரின் கணக்கிலும் எத்தனை கிளிக்குகளைச் செல்லாதவை என்று தள்ளியிருக்கிறோம் என்ற எண்ணைக் காட்டத் தொடங்கியது. மறு ஆண்டு, வருகிற கிளிக்குகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அப்படித் தள்ளப்படுகின்றன என்று பொதுவில் சொன்னது. கணக்கில் காட்டப்படும் அந்தச் செல்லாத கிளிக் எண் இன்றும் இருக்கிறது. தானாகக் கண்ணில் படாது. அறிக்கையில் அதற்கான பத்தியை நாமே சேர்க்க வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள், கிளினிக் நடத்துபவர்கள், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் பலர் கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களாக இருப்பீர்கள். இன்று ராத்திரி கடையைச் சாத்திய பிறகு உங்கள் கணக்கைத் திறந்து, செல்லாத கிளிக் பத்தியைச் சேர்த்து, போன மாத எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே போன மாதம் வந்த போன்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். மாதா மாதம் எழுதுங்கள்.

(தொடரும்)